திங்கட்கிழமைக்குள் லினக்ஸ்

என் மனைவிக்கு ஒரு வேலை கிடைப்பதற்கும் கிடைக்காமல் போவதற்கும் நடுவில் நான் நான்கு நாள் நின்றிருக்கிறேன். நான் எங்கே நின்றாலும் வழியை மறைத்துக்கொண்டுதான் நிற்பேன் என்பது அவளுடைய நெடுநாள் குற்றச்சாட்டு. அந்த நான்கு நாளும் அது அப்படியே உண்மையானது.

கல்யாணத்துக்கு முன்பு அவள் சோழவந்தானில் தமிழ் டைப்ரைட்டிங் படித்து, ஹையர் பாஸ் செய்தவள். பெண் பார்க்கப் போனபோது அந்தச் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார்கள். நானும் பெரிய ஆபீசர் மாதிரி அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கப்புறம் இருபத்து மூன்று வருடங்களாக அது பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் கிடந்தது. நான் தல்லாகுளத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவளையும் ஏதாவது ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட்டாகச் சேர்த்துவிட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. தோன்ற வேண்டிய எத்தனையோ விஷயங்கள் எனக்குத் தோன்றியதில்லை. அதில் இதுவும் ஒன்று.

அவளோடு சேர்ந்து டைப்ரைட்டிங் படித்த ஒரு தோழி இப்போது வீட்டில் இருந்தபடியே சென்னைப் பதிப்பகம் ஒன்றுக்குப் புத்தகம் டைப் செய்து கொடுக்கிறாள். அங்கே இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்று தோழி சொல்லி, இவளும் பேசிவிட்டாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் பிரதி பத்துப் பக்கம் மெயிலில் வரும். மதியம் ஒரு மணிக்குள் அடித்து அனுப்ப வேண்டும். தப்பு குறைவாக இருந்தால் வேலை. இதையெல்லாம் முடித்துவிட்டு வியாழக்கிழமை சாயங்காலம்தான் என்னிடம் சொன்னாள்.

"ஏங்க, ஒரு கம்ப்யூட்டர் வேணும்."

"நம்மகிட்டதான் ஒண்ணு கெடக்கே."

அவள் ஹால் மூலையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒரு மேஜை. அதன் மேல் பூப்போட்ட துணி. துணியின் மேல் நாலைந்து கல்யாணப் பத்திரிகைகள், ஒரு பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து. துணியைத் தூக்கினால் கம்ப்யூட்டர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கியது. அவர்கள் படிப்பு முடிந்து வெளியூருக்குப் போய்விட்டார்கள். அது மட்டும் எங்களோடு தங்கிவிட்டது.

"அதுவா? அதைப் போட்டுட்டு நான் குளிச்சு, தல காயவச்சு, இட்டிலிக்கு மாவு ஆட்டிட்டு வந்தாலும் அது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும். மெயிலும் தெறக்க மாட்டேங்குது. ரொம்பப் பழசாம், பாதுகாப்பு இல்லையாம். அதுவே எழுதிக் காட்டுது."

இந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி வந்தான். ஒத்தக்கடையில் எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. தினமும் எங்கள் வீட்டு டீயில்தான் அவனுக்கு நாள் முடியும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மச்சான், அதப் பழைய இரும்புக்குப் போடுங்க. அக்காவுக்குப் புதுசா ஒரு லேப்டாப் எடுத்துக் குடுங்க" என்றான்.

"ஒன்னோடதக் குடேன் மாப்ள, ஒரு நாளைக்கு."

"அது கம்பெனியோடது மச்சான். அதுல எதையும் போட முடியாது. தமிழ் கீபோர்ட் போட்டாலே மேனேஜருக்குக் கடுதாசி போயிரும்."

புது லேப்டாப்புக்கு நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தடுத்துவிட்டாள். "வேல கெடைக்கட்டும், அப்புறம் பாப்போம். இப்பவே வாங்கி வச்சுட்டு, பரீச்சைல தோத்துட்டேன்னா அதப் பாத்துப் பாத்து அழுகணும்." பிரவுசிங் சென்டரிலும் கேட்டுப் பார்த்திருக்கிறாள். அங்கே ஒன்றில்கூட டைப்ரைட்டர் கீபோர்ட் அமைப்பு இல்லையாம். அவளுக்கு அது இல்லாமல் கை ஓடாது. செல்போனில் ஒற்றை விரலால் பத்துப் பக்கம் அடிப்பதென்றால் தீபாவளி வந்துவிடும்.

நான் எழுந்து நின்றேன். எழுந்து நின்று பேசும்போதுதான் நான் மோசமான வாக்குறுதிகளைக் கொடுப்பேன். "ஞாயித்துக்கெழம பொழுது சாயறதுக்குள்ள இந்தக் கம்ப்யூட்டர ஓட வைக்கிறேன். இல்லன்னா மீசைய எடுத்துர்றேன்."

"எடுத்தாலும் வித்தியாசம் தெரியாது" என்றாள் அவள். "டை அடிச்சாத்தான் அது இருக்கதே தெரியுது."

மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம், கோர்ட் இடைவேளையில், எங்கள் ஆபீசுக்கு அடுத்த சந்தில் இருக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. யார் மூத்தவர் என்று தெரியாததால் அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அண்ணே என்பேன். பத்து வருடமாக ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை.

"மெஷின் எம்புட்டுப் பழசுண்ணே?"

"எம்மகன் ஏழாவது படிக்கையில வாங்குனதுண்ணே. இப்ப அவன் வேலைக்குப் போறான்."

"ராம்?"

"ரெண்டு ஜிபி."

உடம்பு முடியாதவர் வீட்டு ஆளிடம் டாக்டர் காட்டும் முகத்தை அவர் காட்டினார். பிறகு, "விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போடுங்கண்ணே" என்றார். "அதுல கனம் கம்மியா ஒரு வகை இருக்கு. பழைய மெஷினுக்குன்னே பண்ணுனது. யாரு வேணும்னாலும் எறக்கிக்கலாம், காசு கெடையாது. எறக்குங்க, பென்டிரைவ்ல எழுதுங்க, அந்தப் பென்டிரைவ்ல இருந்து மெஷினக் கெளப்புங்க. அம்புட்டுத்தான்."

மூன்றே வேலை. மூன்றாவதை முடிக்க எனக்கு ஞாயிறு மதியம் ஆனது.

முதல் வேலை சுலபம். மச்சினன் வீட்டு இணையத்தில் அவனே இறக்கிக் கொடுத்தான். ரெண்டாவது வேலையை நானே செய்வேன் என்று அடம்பிடித்தேன். அந்தப் பெரிய ஃபைலைப் பிடித்தேன், காப்பி போட்டேன், பென்டிரைவில் இறக்கினேன். வக்கீல் காரில் பாட்டுக்கு இத்தனை வருடமாகச் செய்ததுதானே. வீட்டுக்குக் கொண்டுவந்து சொருகி, கம்ப்யூட்டரைப் போட்டேன். பழைய சிஸ்டம்தான் முக்கி முனகிக்கொண்டு எழுந்தது. போன் போட்டேன்.

"எப்படி மச்சான் ஏத்துனீங்க?"

"காப்பி, பேஸ்ட்டு."

 அவன் போனைக் கையால் மூடிக்கொண்டு தன் வீட்டுக்காரியிடம் சொல்வது எனக்கு நன்றாகவே கேட்டது. "மச்சான் லினக்ஸப் பாட்டு மாதிரி ஏத்திருக்காரு."

அதை அப்படி ஏற்றக் கூடாதாம். கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதே படிக்கிற மாதிரி எழுதுவதற்குத் தனியாக ஒரு மென்பொருள் உண்டாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவனே வந்து பென்டிரைவை வாங்கிப் போய், சரியாக எழுதிக் கொண்டுவந்து கொடுத்தான். "இனிமே சொருக வேண்டியது மட்டுந்தான் மச்சான். அதாச்சும் பண்ணுவீங்கள்ல?" என்றான்.

சனிக்கிழமை கோர்ட் விடுமுறை. காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிபியு பெட்டியின் முன்பக்கம் ரெண்டு யுஎஸ்பி துளை. ஒன்றில் பென்டிரைவைச் சொருகினேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது. புதுச் செருப்பு மாதிரி, போகப் போக சரியாகும் என்று அழுத்தினேன். பென்டிரைவில் குட்டி விளக்கு நீலமாக எரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு. கம்ப்யூட்டரைப் போட்டு, கடைக்காரர் சொல்லியிருந்தபடி கீபோர்டின் மேல்வரிசைச் சாவி ஒன்றை மரங்கொத்தி மாதிரித் தட்டினேன். எதிலிருந்து எழுந்திருக்கட்டும் என்று கேட்டு நீலத் திரை ஒன்று வந்தது. அதில் ஹார்ட் டிஸ்க் இருந்தது. டிவிடி இருந்தது. பென்டிரைவ் இல்லை.

அணைத்தேன். போட்டேன். இல்லை. அடுத்த துளையில் சொருகினேன். விளக்கு எரிந்தது. திரையில் இல்லை. செட்டிங்கில் போய் வரிசையை மாற்றினேன். அதிலிருந்த தேதி ஏதோ ஒரு பழைய வருடத்தில் நின்றிருந்தது. அதையும் திருத்தினேன். எதுவும் நடக்கவில்லை. ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஊரில் எல்லாக் கம்ப்யூட்டர் கோளாறுக்கும் இதைத்தான் செய்வார்கள். அது வேறு எங்கேயோ வலித்தது போலப் பீப் பீப் என்று கத்தியது. திரும்ப அழுத்தி மாட்டிய பிறகுதான் அடங்கியது.

அவள் நாலைந்து தடவை வந்து எட்டிப் பார்த்தாள்.   ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

பதினோரு மணிக்குத் தீர்மானித்துவிட்டேன். மேஜைக்குள் இருந்த பெட்டியை இழுத்து, ஸ்கூட்டரில் காலுக்கு நடுவில் நிறுத்தி, அதன் மேல் முழங்காலை வைத்து இறுக்கிக்கொண்டு மேலூர் ரோட்டில் தல்லாகுளத்துக்கு ஓட்டினேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர், "என்னண்ணே, ஆடு வாங்கிட்டுப் போறாப்புல இருக்கு" என்றார்.

கடைக்காரர் என் பென்டிரைவை வாங்கி உற்றுப் பார்த்தார். "என்னண்ணே, நுனில மஞ்சளா ஒட்டிருக்கு?"

"மஞ்சத்தூளா இருக்கும்ணே. வீட்டம்மா கிச்சன்ல எங்கிட்டாவது வச்சிருப்பா" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் அதைச் சட்டையில் துடைத்தார். பெட்டியின் பின்பக்கம் குனிந்து சொருகினார். திரையில் வயர் மாட்டினார். ஒரு சாவியைத் தட்டினார். நான் பெஞ்சில் உட்காருவதற்குள் லினக்ஸ் வந்துவிட்டது. மலை, ஏரி, வானம் எல்லாம் உள்ள படம் ஒன்று அழகாக விரிந்தது. எனக்குக் கோபமே வந்தது. காலையிலிருந்து எனக்குக் காட்டாத முகத்தை இவருக்கு ஒரே நிமிடத்தில் காட்டிவிட்டதே.

"நல்லாத்தானண்ணே இருக்கு? போட்டே குடுத்துரவா? முக்கா மணி நேரம்."

இந்த இடத்தில் உலகத்தில் உள்ள எந்த மனிதனும் சரி என்று சொல்லியிருப்பான். எனக்கு மச்சினன் முகம் நினைவுக்கு வந்தது. சொருக வேண்டியது மட்டும்தான் மச்சான்.

"வேணாம்ணே. வீட்ல நானே போட்டுக்கிறேன்."

மறுபடி ஆட்டைக் கட்டிக்கொண்டு ஒத்தக்கடை. மேஜைக்குள் தள்ளி, வயரெல்லாம் மாட்டி, முன்பக்கம் பென்டிரைவைச் சொருகி, அவளையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு போட்டேன். "இப்பப் பாரு!"

பழைய சிஸ்டம் முக்கிக்கொண்டு எழுந்தது.

பொழுது சாயும் வரைக்கும் பார்த்தேன். ஞாயிறு காலை மறுபடி பார்த்தேன். பதினோரு மணிக்கு அவள் வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் அந்தச் சான்றிதழ். சும்மா வைத்திருந்தாள்.

"விடுங்க" என்றாள். "என் பிரண்டுகிட்ட எனக்குத் தோதுப்படலன்னு சொல்லிர்றேன். நீங்களும் மூணு நாளாச் சோறு தண்ணியில்லாம கெடக்கீங்க."

சோறும் தண்ணியும் நான் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். அது அவளுக்கும் தெரியும். திட்டியிருந்தால் ஒரு ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன். கல்யாணமானதிலிருந்து அப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறேன். அவள் அவ்வளவு மெதுவாகச் சொன்னதற்கு என்னிடம் ஜோக் இல்லை.

"சாயங்காலம் வரைக்கும் சொல்லாத" என்றேன். "சாயங்காலம் வரைக்கும் டயம் இருக்குல்ல?"

கடைக்காரருக்குப் போன் போட்டேன். பின்னால் ஒரே இரைச்சல். தவில் சத்தம் கேட்டது.

"அண்ணே, கல்யாணத்துல இருக்கேன்ணே. பந்தில உக்காந்துட்டேன். சொல்லுங்க."

"வீட்ல வர மாட்டேங்குதுண்ணே. ஒங்க கடைல வந்துச்சு, இங்க வரல."

"லைட்டு எரியுதா?"

"எரியுது."

"எங்கிட்டுச் சொருகுனீங்க? முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான்."

"நான் பின்னாடில்ல சொருகுனேன்! முன்னாடித் தொளைல என்னமோ கெடக்குண்ணே. டார்ச் அடிச்சுப் பாருங்க. ஏப்பா, ரசம் இங்கிட்டு ஊத்து."

பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு, தரையில் முழங்கால் போட்டு, செல்போனை ஸ்பீக்கரில் போட்டு, அதன் டார்ச்சை அடித்து அந்தத் துளைக்குள் பார்த்தேன். உள்ளே மஞ்சள். காய்ந்து, வெடித்து, கெட்டியாக, கோயில் தூணில் அப்பியிருக்குமே அந்த மாதிரி. அடுத்த துளையிலும் அதேதான்.

சந்தனம்.

வேறு யாரும் வைக்கவில்லை. நானேதான். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டர், மிக்சி, கிரைண்டர், அரிவாள்மனை, சைக்கிள் பம்பு எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற பொறுப்பு என்னுடையது. கம்ப்யூட்டருக்கு எங்கே வைப்பது? பார்த்தால் முன்பக்கம் அளவாக ரெண்டு பள்ளம், நெற்றி மாதிரி. சந்தனத்தை நன்றாகக் குழைத்து, ஆட்காட்டி விரலால் ஒவ்வொன்றிலும் ஓர் அப்பு. அதன் மேல் குங்குமம். மறுநாள் வெளியே தெரிவதைத் துணியால் துடைத்துவிடுவேன். உள்ளே போனது உள்ளேயே இருந்தது. வருடத்துக்கு ஒரு அடுக்கு. பள்ளத்தில் வைத்தால் பொட்டு அழியாமல் நிற்கிறதென்று அவளிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

போனில் அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

பந்தியில் அவருக்குப் புரையேறியது. யாரோ முதுகில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "கரண்டு போற கம்பி ரெண்டும் ஒட்டிருக்கு, அதான் லைட்டு எரிஞ்சிருக்கு. சேதி போற கம்பி ரெண்டும் சந்தனத்துல மாட்டிக்கிருச்சு. பின்னாடி சொருகுங்கண்ணே. அப்ப அந்த மஞ்சத்தூளு..."

"வைக்கிறேன்ணே" என்று வைத்துவிட்டேன்.

திரும்பினால் அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டிருக்கிறாள். "என்ன மஞ்சத்தூளு?" என்றாள்.

பொய் சொல்லத் தெம்பில்லை. கடையில் நான் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்.  அவள் சான்றிதழை மேஜை மேல் வைத்துவிட்டு, பெட்டியை வெளியே இழுக்க ஒரு பக்கம் கை கொடுத்தாள்.

பின்பக்கம் சொருகினேன். போட்டேன். தட்டினேன். நீலத் திரையில் பென்டிரைவின் பெயர் மூன்றாவது வரியில் இருந்தது. தேர்ந்தெடுத்து அழுத்தினேன். எழுத்துகள் மேலிருந்து கீழே மழை மாதிரி ஓடின. மலை வந்தது. ஏரி வந்தது. ரெண்டு பேரும் மூச்சு விடாமல் அந்த ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிறுவுவதற்கான படத்தை அழுத்தினேன். மொழி கேட்டது, ஊர் கேட்டது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்புறம் ஒரு கேள்வி. ஹார்ட் டிஸ்கில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் போடட்டுமா?

என் கை நின்றுவிட்டது.

"என்ன யோசனை? போட்டோவெல்லாம் பெரியவன் ஏற்கனவே எடுத்து வச்சிட்டான்ல?" என்றாள்.

"போட்டோ இல்ல. என் ஜோக்கு."

கோர்ட் வராண்டாவில் நடந்தது, வாய்தா கேட்டு வந்தது, கட்சிக்காரர்கள் சொன்னது என்று நான் அடித்து வைத்த ஜோக்குகள், நூற்றுக்கு மேல், அதற்குள் ஒரு ஃபைலில் இருந்தன. என்றைக்காவது புத்தகமாகப் போடுவதாக உத்தேசம். இப்போது பழைய சிஸ்டத்துக்குத் திரும்பப் போய் அதை எடுத்து, மறுபடி இங்கே வருவதென்றால், அது எழுந்து உட்காருவதற்கே அரை மணி நேரம். மறுபடி இந்த ஏரி வராமல் போனால்?

"அதெல்லாம் இந்தத் தெருவுக்கே மனப்பாடம்" என்றாள் அவள். "கேட்டா ஆளுக்குப் பத்துச் சொல்லுவாங்க. தள்ளுங்க."

கையை நீட்டி எண்டரைத் தட்டினாள். டைப்ரைட்டர் பழகிய கை. ஒரே தட்டு.

பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. இனி என் கவலையெல்லாம் கரண்ட்தான். எங்கள் பக்கம் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. பாதியில் போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. மிக்சி போடாதே, மோட்டார் போடாதே என்று வீட்டையே ஸ்தம்பிக்க வைத்தேன். மாடி வீட்டுக்காரர் தண்ணி ஏற்ற வந்தபோது, கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். "என்ன சார், வீட்ல ஏதும் விசேஷமா?" என்றார். ஆமாம் என்றேன்.

அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. பென்டிரைவை எடு என்றது. எடுத்தேன். திரை கறுப்பாகி, ஒரு நிமிடம் ஆவதற்குள் ஏரி திரும்ப வந்தது. இந்தத் தடவை அதன் சொந்த ஏரி.

சாயங்காலம் மச்சினன் டீக்கு வந்தபோது பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தரையில் பேப்பர் விரித்துப் படுக்க வைத்திருந்தோம். அவள் ஒரு மரக் குச்சியை வைத்து அந்தத் துளைகளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மஞ்சள் பொடி உதிர உதிர, ஹாலே கோயில் மாதிரி மணந்தது. அவன் குனிந்து பார்த்தான். விவரம் கேட்டான். தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது.

"எங்க கம்பெனில இதுக்கு ஒரு பேரே கெடையாது மச்சான்" என்றான். "ஹார்டுவேர்னு சொல்லவா, சாமி குத்தம்னு சொல்லவா? எப்படியோ, மீசை தப்பிச்சிருச்சு."

அவனே அமைப்பில் தேடித் தமிழ் டைப்ரைட்டர் கீபோர்டைச் சேர்த்துக் கொடுத்தான். செல்போனை வயரில் மாட்டி இணையத்தையும் வரவழைத்தான். பிறகு அவள் உட்கார்ந்தாள். கீபோர்டில் ஒரு தமிழ் எழுத்துகூடக் கிடையாது, எல்லாம் ஆங்கிலம். அவள் அதைப் பார்க்கவே இல்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு விரல்களை வைத்தாள். டைப்ரைட்டிங்கின் முதல் பாடம்: யளனகப, யளனகப, யளனகப. முதல் வரி தட்டுத்தடுமாறி வந்தது. ரெண்டாவது வரி நடந்தது. நாலாவது வரியில் ஓடியது. அதற்கப்புறம் ஒரு முழு வாக்கியம் அடித்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டாள், எனக்குத் தெரியும்படி.

"எங்கள் வீட்டில் மஞ்சள் தூள் கிச்சனில் மூடி போட்ட டப்பாவில் இருக்கிறது" என்று எழுதியிருந்தது. ஒரு பிழை இல்லை.

திங்கட்கிழமை நான் அரை நாள் லீவு போட்டேன். அவள் குளித்து, விளக்கேற்றி, ஒன்பதரைக்கெல்லாம் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவள் எழுந்து பூஜை அலமாரிக்குப் போய், சந்தனக் கிண்ணத்தில் விரலை வைத்தாள்.

"ஆத்தாடி, வேணாம்!" என்று கத்திவிட்டேன்.

அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. விரலைத் துடைத்துவிட்டுப் பீரோ கண்ணாடிக்குப் போனாள். அதில் ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை உரித்துக்கொண்டு வந்து, சிபியு நெற்றியில், எந்தத் துளையும் இல்லாத இடமாகப் பார்த்து ஒட்டினாள்.

பத்து மணிக்குப் பக்கங்கள் வந்தன. படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். எழுதியவர் கையெழுத்து மழையில் நனைந்த எறும்பு வரிசை மாதிரி இருந்தது. நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். கிச்சனுக்குப் போகச் சொன்னாள். கிச்சனில் நின்றேன். சாவிகளின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு சின்ன இடைவெளி. பிறகு ஒரு தட்டு. அது என்னவென்று எனக்குப் புரியவில்லை.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.

மின்விசிறி நின்றது. கம்ப்யூட்டரின் இரைச்சல் நின்றது. சாவிச் சத்தமும் நின்றது. நான் ஹாலுக்கு வந்தேன். அவள் கறுத்த திரையைப் பார்த்தபடி, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.  

எட்டு நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். பழைய சிஸ்டமாக இருந்திருந்தால் அங்கேயே பன்னிரண்டு மணி ஆகியிருக்கும். எழுத்துகள் ஓடின, ஏரி வந்தது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஃபைலைத் திறந்தாள். ஆறாம் பக்கத்தில், பாதி வரி மட்டும் போயிருந்தது.

"எப்படி?" என்றேன்.

"டைப்ரைட்டர்ல ஒவ்வொரு வரி முடிஞ்சதும் கைய நீட்டித் தள்ளுவோம்ல, அந்தப் பழக்கம். இதுல தள்ள ஒண்ணும் இல்ல. சும்மா இருக்க முடியல. தம்பி சேவ் பண்றது எதுன்னு காட்டிக் குடுத்தான்ல, அதத் தட்டிக்கிட்டே வந்தேன்." சொல்லிக்கொண்டே அந்தப் பாதி வரியை அடித்து முடித்து, ஒரு தட்டுத் தட்டினாள்.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லுக்கு என்னைக் கூப்பிட்டாள். எத்தனையோ வக்கீல்களின் கையெழுத்தைப் படித்தே வயிறு வளர்த்தவன் நான். பார்த்த உடனே சொன்னேன்: "எதிர்வாதி." அந்த வாரம் முழுக்க நான் செய்ததில் தப்பில்லாத வேலை அது ஒன்றுதான். பன்னிரண்டு நாற்பதுக்கு அனுப்பிவிட்டாள்.

புதன்கிழமை மதியம் ஆபீசுக்கே போன் செய்தாள். அவள் ஆபீசுக்குப் போன் செய்வதில்லை.

"மொத்தம் ஏழு தப்பாங்க. முத தடவைக்கு ரொம்பக் கம்மின்னு சொன்னாங்க. ஒரு முழுப் புஸ்தகம் அனுப்பிருக்காங்க. இருநூறு பக்கம்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள், "சரி, வைக்கிறேன், வேல கெடக்கு" என்று வைத்துவிட்டாள்.

இப்போது அந்த மேஜையில் பூப்போட்ட துணி இல்லை. ரோஜாக் கொத்தும் பத்திரிகைகளும் ஃபிரிஜ் மேலே போய்விட்டன. அழிந்த ஜோக்குகளை நினைவிலிருந்து திரும்ப அடிக்கலாம் என்று எனக்கு ஆசை. தெருவில் கேட்டதில் நாற்பது வரைக்கும் தேறியது. நேற்று சாயங்காலம் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, கம்ப்யூட்டர் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன்.

"ஏழு மணிக்கு மேல வாங்க" என்றாள், சுவரைப் பார்த்து அடித்தபடியே. "அது வரைக்கும் அங்கிட்டு நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."